கோழிக்குக் கிளிஞ்சல், மனிதருக்குச் சங்கு பற்பம்

புளியந்தோப்பில் வீட்டின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்த்து வரும் அம்மையார் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், கோழிக்குப் போடற கிளிஞ்சத் தூளும், நாட்டு மருந்துக் கடையிலே விக்கிற சங்கு பற்பமும் ஒண்ணுதானே? வீட்டுக்காரருக்கு ஓயாத நெஞ்செரிச்சல். சீனாவிலேகூட கடல் நத்தை ஓட்டைத்தான் மருந்தாக் குடிக்கிறாங்களாமே. இதையே ரெண்டு சிட்டிகை மோர்ல போட்டுக் குடுக்கலாமா?"

அவர் பயன்படுத்தும் கிளிஞ்சல், உறவினர் ஒருவர் எண்ணூர் கழிமுகத்திலிருந்து வாரிக் கொண்டுவருவது. வீட்டிலேயே உரலில் இடித்துக்கொள்கிறார். கேள்வியின் முற்பகுதியில் உண்மை இருக்கிறது. பிற்பகுதிக்கு 'கூடவே கூடாது' என்பதுதான் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சீன வைத்தியம் பற்றி அவர் கேள்விப்பட்டது சரியே. லீ ஷி-சென் என்னும் வைத்தியர் தொகுத்து 1596ல் வெளியான 'பென்சாவ் காங்மு' என்ற நூலில் 1,892 மருந்துச் சரக்குகள் விவரிக்கப்பட்டுள்ளன. ஓடுடைய நீர்வாழ் உயிர்களுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. அபலோன் என்பது காது வடிவில், விளிம்பில் வரிசையாகத் துளைகள் கொண்ட ஒற்றையோட்டுக் கடல் நத்தை. அதன் ஓட்டைச் சீனர் 'ஷி ஜுவே மிங்' என்று அழைத்து, கண் மங்கலுக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுக்கின்றனர். சோழி ஓடும் அவர்களுக்கு மருந்தே. வயிற்றுப் புளிப்புக்குக் கணவாய் ஓடு. காசிமேட்டில் கணவாயைச் சுத்தம் செய்யும்போது வீசி எறிகிறோமே, நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விலைக்கு வருகிறதே, அதே பொருள்தான்.

ஓடு எளிதில் சாறு இறங்காது என்பதால், கஷாயத்தில் மற்ற மூலிகைகளுக்கு முன்பாகவே அதைப் போட்டு நெடுநேரம் கொதிக்க விடுவது சீன முறை. வயிற்றுக்கென்றால் நெருப்பிலிட்டுச் சுட்ட ஓடு. நம் சித்த வைத்தியமும் இதே வழியில்தான் செல்கிறது. சங்கு, பலகறை, முத்துச்சிப்பி ஆகியவற்றை முதலில் சுத்தி செய்து, சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் வைத்து மேல் அகல் மூடி, சீலைமண் செய்து, வரட்டி அடுக்கிப் புடமிடுவர். குன்மம், நெஞ்செரிச்சல் போன்றவற்றுக்கு நெய்யிலோ வெண்ணெயிலோ கொடுப்பர். சீனர் நம்மிடம் கற்றனரா, நாம் அவர்களிடம் கற்றோமா என்று சிலர் வாதிடுவதுண்டு. கடற்கரையும் அடுப்பும் வயிற்று வலியும் இரு நாட்டிலும் இருந்தன என்பதே எனக்குப் போதும்.

இனி ரசாயனத்துக்கு வருவோம். சங்கு, சோழி, கிளிஞ்சல் எதுவாயினும் ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வயிற்று அமிலத்தோடு சேர்ந்து அதன் கடுமையைக் குறைக்கும். மருந்துக் கடையில் விற்கும் புளிப்பு மாத்திரைகள் சிலவற்றிலும் இதே உப்புதான். ஆகவே எரிச்சல் சற்றுத் தணிவது உண்மை. ஆனால் வயிற்றுப் புண் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் 1980களில் கண்டறிந்து, அதற்காக 2005ல் நோபல் பரிசும் பெற்றனர். ஓட்டுத் தூள் அந்தக் கிருமியை ஒழிக்காது. எரிச்சலை மறைத்து, நோயை உள்ளே வளரவிடும்.

வீட்டில் சுடுவதில் உள்ள ஆபத்து

கால்சியம் கார்பனேட்டை மிகுந்த சூட்டில் எரித்தால் 100 கிராம் 56 கிராமாகக் குறைந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்து போவது தெரிந்ததே. அது வயிற்றில் நேர்ந்தால் என்னவாகும்? புடத்தின் பக்குவம் பழகிய வைத்தியருக்கே உரியது. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதா என்று பார்த்து 'நல்ல பற்பம்' என்று சிலர் முடிவு செய்கிறார்கள். சுடாத கிளிஞ்சல் தூளும், சாதாரணச் சுண்ணாம்புக்கல் தூளும்கூட அப்படியே நுரைக்கும்!

எண்ணூர் ஓட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் பல ஆண்டுகளாக அந்தக் கழிமுகத்தில் சேர்ந்துள்ளன. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் எண்ணெய் வந்து பரவியது. சிப்பி இனங்கள் நீரை வடிகட்டி உண்பவை. நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்றவை அவற்றின் உடலில் சேரும். நெருப்பிலிட்டால் சதையும் ஈரமும் போகும்; உலோகம் முழுவதும் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. நம் நாட்டில் மூலிகை மருந்துகளுக்கு ஈயம் 10 பி.பி.எம்., காட்மியம் 0.3 பி.பி.எம். என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உரலில் இடித்த தூளில் எவ்வளவு இருக்கிறது என்று யார் பார்ப்பது?

முறையாகத் தயாரித்த பற்பமானாலும், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தாமாக உண்ணக் கூடாது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் ஆகியவற்றோடு சேர்த்து உண்டால் அவை உடலில் சேராமல் போகும். சித்த முறையில்தான் வைத்தியம் வேண்டும் என்போர், தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குச் செல்லலாம்.

கடல் நத்தையிலிருந்து நவீன மருத்துவம் பெற்ற மருந்து ஒன்றும் உண்டு. அது ஓட்டில் இல்லை, விஷத்தில் இருக்கிறது. கூம்புச் சங்கு ஒன்றின் விஷத்தைப் பார்த்துச் செயற்கையாகத் தயாரித்த ஜிகோனோடைட் என்ற கடும் வலி மருந்து 2004ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தண்டுவட நீரில் ஊசி வழியாகச் செலுத்துவது அது. வலையில் உயிருள்ள கூம்புச் சங்கு வந்தால் கையால் எடுக்காதீர்கள். சில வகை கொட்டினால் உயிர் போகும்.

கோழிக்கு என்ன செய்வது?

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் வேண்டும். குறைந்தால் தோல்முட்டை இடும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், கிளிஞ்சல் நொய்யைத் தனித் தட்டில் பிற்பகலில் வைப்பது நல்லது. மாவாக இடிக்க வேண்டாம். நொய் பதமே இரைப்பையில் தங்கி மெல்லக் கரையும். குஞ்சுகளுக்கு வைக்காதீர்கள், மிகுதியான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எண்ணூர் கிளிஞ்சல் கோழிக்கும் வேண்டாம். கோழி தின்ற ஈயம் முட்டையில் வரும். அந்த முட்டையை முதலில் தின்பது வீட்டுக் குழந்தைதான். தீவனக் கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் நொய் போதும். அதுவும் கிடைக்காவிட்டால், சமையலில் மிஞ்சும் முட்டை ஓடுகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி, நொறுக்கி வையுங்கள்.

அந்த அம்மையாரிடம், எரிச்சல் எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு மாதமாக என்றார். சில நாட்களாக மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்றும் தயங்கிச் சொன்னார். வயிற்றில் இரத்தம் கசிவதன் அடையாளம் அது. அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொன்னேன். குழாய் விட்டுப் பார்த்ததில் புண் இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கோழிகளுக்கு முட்டை ஓடு வைக்கிறார்கள்.