கரைக்கு எல்லைக்கல் இல்லை
அயல் கிராமங்களோடு சேர்ந்து கரையோரத்தைப் பாதுகாத்தல்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் உங்களுக்கு ஆயிரம் வேலை. பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், வீட்டுத்திட்டத்துக்குப் பதிய வேண்டும். இதற்கிடையில் "காலநிலை மாற்றம்", "கரையோரத் திட்டமிடல்" என்று ஒரு கூட்டத்துக்கு அழைத்தால், அது அலுவலகங்களின் வேலை என்றுதான் தோன்றும்.

ஆனால் வீட்டை எங்கே கட்டுவது, கிணற்று நீர் குடிக்கக்கூடியதாக இருக்குமா, புயலன்று எங்கே போவது ஆகிய மூன்று கேள்விகளுக்குமான விடையில் பாதி உங்கள் வேலிக்கு வெளியே இருக்கிறது. அயலூரில் எடுக்கும் முடிவு உங்கள் முற்றத்தைப் பாதிக்கும். உங்கள் முடிவும் அவர்களைப் பாதிக்கும்.

ஓர் ஊரால் மட்டும் ஏன் முடியாது?

மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் அதைக் கரை நெடுகக் கொண்டுசெல்கின்றன. ஓரிடத்தில் கல்லணை கட்டி மணலை மறித்தால், அடுத்த ஊருக்குப் போகும் மணல் குறைந்து அங்கே கரை அரிக்கப்படும். அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர் அதன் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னங்காணிகள் கடலுக்குள் போயின. ஆகவே "எங்கள் ஊருக்குக் கல் போட்டுத் தாருங்கள்" என்று கேட்குமுன், அந்தக் கல் அடுத்த ஊருக்கு என்ன செய்யும் என்றும் கேளுங்கள்.

களப்பும் அப்படியே. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. இரண்டு மாவட்டங்களைத் தொடுகிறது. மாரியில் நீர் ஏறும்போது, வயல் மூழ்காதபடி முகத்துவாரத்தை நேரத்தோடு வெட்டிவிட வேண்டும் என்பது விவசாயியின் தேவை. மீனும் இறாலும் வளர நீர் இன்னும் சில நாட்கள் நிற்க வேண்டும் என்பது மீனவரின் தேவை. இரண்டும் நியாயமானவை. இரு தரப்பும் அதிகாரிகளோடு இருந்து பேசி நாள் குறித்தால்தான் இழப்புக் குறையும். அயலூரவர் வேறு மொழியோ சமயமோ உடையவராக இருக்கலாம், களப்பு ஒன்றுதான்.

கிணற்றையும் பாருங்கள். மணற்பாங்கான கரைகளிலும் யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும், மழையால் சேரும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே குறையக் குறையக் கீழிருந்து உவர் ஏறும். ஒரு காணியில் பெரிய மோட்டர் பூட்டி நாள் முழுக்க இறைத்தால், சுற்றியுள்ள கிணறுகளும் உவராகலாம். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளதால், இந்தக் கவனம் இனி இன்னும் தேவை.

நீங்கள் இல்லாத காலத்தில் மாறியவை

நீங்கள் விட்டுச் சென்ற கரை இன்று அதே இடத்தில் இல்லாமல் இருக்கலாம். மணற்திட்டி அள்ளப்பட்டிருக்கலாம். வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். கண்டல் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது புதிதாக வளர்ந்திருக்கலாம். பழைய நினைவை வைத்து அத்திவாரம் வெட்டாமல், ஒரு மாரியின் நீரோட்டத்தைப் பார்த்தபின் இடத்தைத் தீர்மானிப்பது நல்லது.

அதேவேளை பழைய நினைவுக்கும் பெறுமதி உண்டு. 1964 டிசெம்பர் புயலிலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலும், 2004 ஆழிப்பேரலையிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை மூத்தவர்களிடம் கேளுங்கள். அதை ஊர்ப் படத்தில் குறித்து, அயலூர்ப் படத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

செலவில்லாத காவல்

அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைக்கின்றன. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் முன்னோர் சொன்னது கரையைப் பார்த்துத்தான். வள்ளம் ஏற்றவும் வாடி போடவும் வழி தேவை. அதற்காகத் திட்டி முழுவதையும் சமப்படுத்த வேண்டாம். பல குடும்பங்கள் பொதுவாக ஒரு வழியைப் பாவித்தால் போதும்.

கண்டல் நடுவதற்கு அவசரப்பட வேண்டாம். 2004இன் பின்னர் நாட்டின் பல இடங்களில் நடப்பட்ட கன்றுகள் பிழைக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், கால்நடை மேய்ந்ததும் முக்கிய காரணங்கள். முன்பு கண்டல் நின்ற இடத்தில், நீர் வந்து போகும் வழியைத் திறந்துவிட்டால் பல இடங்களில் அது தானாகவே முளைக்கும்.

முக்கியம்: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத பற்றைக்குள்ளோ களப்போரத்துக்குள்ளோ எந்த வேலைக்காகவும் இறங்க வேண்டாம்.

வீடு கட்டுமுன்

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். களப்போடும் ஆற்றோடும் சேர்ந்த இடங்களில் இது இன்னும் உள்ளே வரலாம். இவ்வலயத்தில் கட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும். கடலிலிருந்து விடவேண்டிய தூரம் இடத்துக்கு இடம் வேறுபடும். முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்று, உறுதியோடு பத்திரப்படுத்துங்கள்.

எச்சரிக்கை உங்கள் ஒழுங்கைக்கு வர வேண்டும்

2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து ஏறக்குறைய 2 மணி நேரத்தில் அலை எமது கரைக்கு வந்தது. அந்த நேரத்தில் செய்தி சொல்ல ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. இன்று இந்து சமுத்திர நாடுகள் ஒன்றுக்கொன்று தகவல் தருகின்றன. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் நிலையங்கள் இப்பிராந்தியத்துக்கு ஆழிப்பேரலைத் தகவல் வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது, எமது கரையோர மக்கள் முன்கூட்டியே உள்ளே நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை, என்றாலும் ஏற்பாடு வேலை செய்தது.

நாடுகள் சேர்ந்து கொழும்புவரை கொண்டுவரும் செய்தியை ஒழுங்கைவரை கொண்டுவருவது ஊரின் வேலை. கடலில் நிற்பவருக்கு யார் சொல்வது, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது என்று பெயர் குறித்து வையுங்கள். உங்கள் பாதுகாப்பான இடம் அயலூர்ப் பாடசாலையாக இருக்கலாம். அங்கே எத்தனை பேருக்கு இடமுண்டு, சாவி யாரிடம், பெண்களுக்கு மலசலகூட வசதி உண்டா என்பதை மாரிக்கு முன்பே அவர்களோடு பேசுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியவை

கிராம அலுவலர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியோருடன் அயலூர்ச் சங்கங்களையும் அழைத்து, இவற்றைக் கேளுங்கள்:

• எங்கள் கரையில் புதிதாக எந்தக் கட்டுமானம் வரப்போகிறது? அயலூர்களிடம் கேட்கப்பட்டதா?
• முகத்துவாரம் வெட்டும் நாளை யார் தீர்மானிக்கிறார்கள்? அதில் எமக்கு இடமுண்டா?
• மணல் அள்ளுபவர்களிடம் அனுமதிப்பத்திரம் உள்ளதா?
• எந்தக் கிணறுகள் உவராகி வருகின்றன?
• இன்னும் திரும்பாத குடும்பங்களுக்கும் காணியில்லாதவர்களுக்கும் இந்தத் திட்டம் என்ன சொல்கிறது?

பதில்களைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் திட்டம் தயாராகும் வேளையில் இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் குறிப்பு, தனியே கொடுக்கும் கடிதத்தைவிட வலுவானது.