பேட்டரி வண்டியும் நம் தெரு டிரான்ஸ்பார்மரும்

"பேட்டரி லோடு ஆட்டோ வாங்கினால் டீசல் செலவு மிச்சம்தான். ஆனால் எல்லோரும் வாங்கிவிட்டால் கரண்ட் தாங்குமா அண்ணாச்சி?" என்று தென்காசிக் கடைத்தெருவில் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று யூனிட், அது நம் பில்லில் வருவது. மற்றொன்று லோடு, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறோம் என்பது. குடோனுக்கு வருஷம் முழுவதும் எத்தனை மூட்டை வந்து போயிற்று என்பது ஒரு கணக்கு. ஒரே நாளில் எத்தனை மூட்டை அடுக்க இடம் இருக்கிறது என்பது வேறு கணக்கு அல்லவா? அதைப் போலத்தான்.

2024 ஏப்ரல் 30ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாடு செலவிட்ட மின்சாரம் 45 கோடி யூனிட்டுக்கு மேல். மாநிலத்தில் 10 லட்சம் பேட்டரி ஸ்கூட்டர்கள் ஓடுவதாகவும், ஒவ்வொன்றுக்கும் தினம் 2 யூனிட் வேண்டுமென்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 லட்சம் யூனிட். நூற்றுக்கு அரைகூட இல்லை. இதற்குப் போய் பயப்படுவானேன்?

ஆனால் அந்த 10 லட்சம் பேரும் மாலை 7 மணிக்கு வீடு வந்து ஒன்றாக பிளக்கைச் செருகினால், ஒரு சார்ஜருக்கு 750 வாட் வீதம் 750 மெகாவாட் ஆகிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாடு தொட்ட உச்ச லோடு 20,830 மெகாவாட். அதில் இது நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். யூனிட் என்னவோ அதேதான். நேரம் ஒன்றாகிவிட்டதால் பாரம் எட்டு மடங்காகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நாம் கடையில் விளக்குப் போடும் நேரத்தில்தான் சூரிய மின்சாரம் அடங்கிவிடுகிறது. கோடை மாலைகளில் மின்சாரச் சந்தையில் யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதும் இதனால்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் லோடு 5,797 மெகாவாட் வரை ஏறியது. அதுவும் இரவு நேரத்தில். முக்கியக் காரணம் ஏ.சி.தான். அதன்மேல் வண்டி சார்ஜும் சேர்ந்துகொண்டது. பல ஊர்களில் டிரான்ஸ்பார்மர்கள் பழுதாகி, சப்ளை விட்டு விட்டு வந்தது. மாலையில் வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்று கேரள மின்வாரியமே வேண்டுகோள் விடுத்தது. பின்னர் சார்ஜ் நிலையங்களுக்குப் பகல் 9 மணி முதல் 4 மணி வரை குறைந்த கட்டணம், மற்ற நேரம் கூடுதல் கட்டணம் என்று பிரித்துவிட்டார்கள்.

இனி நம் தெருவுக்கு வருவோம். சரக்கு ஏற்றும் பேட்டரி ஆட்டோவில் 7 முதல் 11 யூனிட் வரை பிடிக்கும். நிரம்ப மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அப்படியானால் அது இழுப்பது சுமார் இரண்டரை கிலோவாட். பழைய 40 வாட் டியூப் லைட் அறுபதுக்குச் சமம். தெருவில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, மாலையில் கடைகள் 75 கிலோவாட் எடுக்கின்றன என்று வையுங்கள். கடை அடைக்கப்போகும் நேரத்தில் 12 ஆட்டோக்களைச் செருகினால் இன்னும் 30 கிலோவாட். தாங்காது. வோல்டேஜ் இறங்கும், பியூஸ் போகும். நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டுமா? பக்கத்தில் பாலும் ஐஸ்கிரீமும் வைத்திருப்பவரின் பிரீசரும் சேர்ந்து நிற்கும். மொத்த லோடு சரியாக இருந்தாலும், எல்லோரும் ஒரே பேஸில் மாட்டினால் அந்த பேஸ் மட்டும் தள்ளாடும். எலெக்ட்ரீசியனிடம் சொல்லி மூன்று பேஸுக்கும் பிரித்துக்கொள்வது பெரிய செலவில்லை.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்போர் கூடுதலாக யோசிக்க வேண்டும். சீசனில் அருவியில் குளித்துவிட்டு இரவு திரும்பும் காரெல்லாம் ஒரே நேரத்தில் சார்ஜ் கேட்கும். சாதாரண கார் சார்ஜர் 3.3 அல்லது 7.2 கிலோவாட். நான்கு கார் சேர்ந்தால், அதே நேரம் ஓடும் கீசர்களோடு என்ன ஆகும்? விடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட நேரம் தாராளமாக இருக்கிறது. 60 கிலோவாட் வேக சார்ஜர் வைக்க ஆசைப்படுகிறவர் தனி டிரான்ஸ்பார்மர் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

சாரலைக் கொண்டுவரும் செங்கோட்டைக் கணவாய்க் காற்றுதானே சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றுகிறது, சீசனில் கரண்டுக்கு என்ன பஞ்சம் என்று சிலர் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் மேலே எவ்வளவு வந்தாலும் தெரு டிரான்ஸ்பார்மரின் வாய் அகலாது.

நம் லோடு ஆட்டோக்கள் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய், மதியத்துக்குள் டெலிவரி முடித்து நிழலில் நிற்கின்றன. ஒரு மணி முதல் நான்கு மணி வரை சார்ஜ் போட அதைவிடத் தோதான நேரம் இல்லை. சூரிய மின்சாரமும் அப்போதுதான் மலிவு. முடியாதவர்கள் இரவு 11 மணிக்கு மேல் போடலாம். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் பகல் நேரத்துக்கு 10 முதல் 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்துக்கு அதே அளவு கூடுதலாகவும் கட்டணம் இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. இப்போதே பழகிக்கொண்டால் அப்போது லாபம்.

சொந்த வண்டிக்கு நம் இணைப்பிலேயே சார்ஜ் போடலாம், லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட லோடு போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரீசர் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே வண்டியையும் மாட்டாதீர்கள். எர்த் உள்ள தனி 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை வண்டி, எந்நேரம் சார்ஜ் போடுகிறார்கள் என்று உறுப்பினர்கள் ஒரு தாளில் எழுதித் தந்தால், டிரான்ஸ்பார்மரின் திறனை உயர்த்தக் கேட்டுச் செயற்பொறியாளரிடம் தெருவாரியாக மனு கொடுக்கலாம்.