ஒரு பந்துக்கு ஒரு ரன்: நெட் ரன் ரேட் எப்படி வேலை செய்கிறது?

2023 செப்டம்பர் 5. லாகூர் கடாஃபி மைதானத்தில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவின் கடைசி லீக் ஆட்டம். முதலில் ஆடிய இலங்கை 8 விக்கெட் இழப்புக்கு 291 ரன் எடுத்திருந்தது. ஆப்கானிஸ்தான் ஜெயித்தால் மட்டும் போதாது. 292 ரன்னை 37.1 ஓவருக்குள் எட்டினால்தான் சூப்பர் 4 சுற்றுக்குப் போக முடியும். நடக்காத காரியம் என்றுதான் முதலில் தோன்றியது. முகமது நபி 32 பந்தில் 65 ரன் விளாசியதும் ஆட்டம் திசை மாறியது. 37ஆவது ஓவரில் ரஷீத் கான் மூன்று பவுண்டரி அடித்தார். ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 289. மிச்சம் ஒரு பந்து, மூன்று ரன்.

அந்தப் பந்தைத் தூக்கி அடித்த முஜீப் உர் ரஹ்மான் கேட்ச் கொடுத்து வெளியேறினார். எல்லாம் முடிந்தது என்ற முடிவுக்கு ஆப்கன் வீரர்கள் வந்துவிட்டார்கள். அடுத்து வந்த ஃபசல்ஹக் ஃபரூக்கி இரண்டு பந்துகளைத் தடுத்து ஆடினார். மூன்றாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. எதிர் முனையில் ரஷீத் கான் 16 பந்தில் 27 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார். ஆப்கானிஸ்தான் 289 ரன்னுக்கு ஆல் அவுட். இரண்டு ரன்னில் தோல்வி.

உண்மையில் அப்போது எதுவும் முடிந்திருக்கவில்லை. ஃபரூக்கி சந்தித்த அந்த மூன்று பந்துகளில் ஏதாவது ஒன்று சிக்ஸருக்குப் போயிருந்தால், ஸ்கோர் 295 ஆகி ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். 37.1 ஓவரில் ஜெயிக்க வேண்டும் என்பது மட்டுமே தங்களுக்குச் சொல்லப்பட்டது, 295, 297 என்ற வழிகளை யாரும் தெரிவிக்கவில்லை என்று ஆட்டம் முடிந்த பிறகு பயிற்சியாளர் ஜொனாதன் ட்ராட் சொன்னார்.

ஒரு சர்வதேச அணியே தவறவிட்ட அந்தக் கணக்கின் பெயர் நெட் ரன் ரேட். லீக் சுற்றில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நிற்கும்போது, யார் உள்ளே, யார் வெளியே என்று பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான். அடிப்படை மிக எளிது. அந்தச் சுற்றில் ஓர் அணி எடுத்த மொத்த ரன்னை, அது ஆடிய மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். அதே அணி விட்டுக்கொடுத்த மொத்த ரன்னை, அது வீசிய மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது நெட் ரன் ரேட். 37.1 என்றால் 37 ஓவரும் ஒரு பந்தும். வகுக்கும்போது அதை முப்பத்தேழும் ஆறில் ஒன்றும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கால்குலேட்டரில் 37.1 என்றே தட்டிவிட்டு விடை பொருந்தவில்லையே என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

சிக்கல் விதிவிலக்குகளில் இருக்கிறது. முக்கியமானது ஆல் அவுட் விதி. பத்து விக்கெட்டையும் இழந்த அணி எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும், தனக்குரிய முழு ஓவரையும், ஒருநாள் ஆட்டத்தில் 50 ஓவரையும், ஆடியதாகவே கணக்கில் கொள்ளப்படும். இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை 2019 உலகக் கோப்பையில் பாகிஸ்தான் அனுபவித்தது. நாட்டிங்காமில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பாகிஸ்தான் 21.4 ஓவரில் 105 ரன்னுக்குச் சுருண்டது. கணக்கில் அது 50 ஓவரில் 105. அதாவது ஓவருக்கு 2.1 ரன். மேற்கிந்தியத் தீவுகள் 13.4 ஓவரிலேயே 108 ரன் எடுத்து ஆட்டத்தை முடித்தது, ஓவருக்கு 7.9. ஒரே ஆட்டத்தில் கிட்டத்தட்ட 5.8 பள்ளம்.

அந்தப் பள்ளத்தைப் பாகிஸ்தானால் கடைசி வரை நிரப்ப முடியவில்லை. ஐந்து வெற்றிகளோடு 11 புள்ளி எடுத்தது. நியூஸிலாந்துக்கும் அதே ஐந்து வெற்றி, அதே 11 புள்ளி. நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில் ஜெயித்தது பாகிஸ்தான்தான். ஆனாலும் நெட் ரன் ரேட் நியூஸிலாந்துக்கு +0.175, பாகிஸ்தானுக்கு -0.430. நியூஸிலாந்து அரையிறுதியில் இந்தியாவை வென்று இறுதிப்போட்டி வரை போனது. லார்ட்ஸில் வங்கதேசத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 315 ரன் குவித்த பாகிஸ்தான், எதிரணியை 7 ரன்னுக்குள் சுருட்டினால்தான் அரையிறுதி என்ற நிலையில் பந்து வீசியது. 2023 உலகக் கோப்பையிலும் பாகிஸ்தானுக்கு ஏறக்குறைய இதே நிலை. கொல்கத்தாவில் இங்கிலாந்து வைத்த 338 ரன் இலக்கை 6.4 ஓவரில் எட்ட வேண்டியிருந்தது. நாற்பது பந்தையும் சிக்ஸராக அடித்தாலும் 240 ரன்தான் வரும்.

முடிவு கிடைக்காமல் மழையில் கைவிடப்படும் ஆட்டம் இந்தக் கணக்கில் சேராது. மழையால் ஓவர் குறைந்து முடிவு காணப்பட்டால், முதலில் ஆடிய அணி எடுத்த ரன்னுக்குப் பதிலாக, டக்வொர்த் லூயிஸ் முறையில் திருத்தப்பட்ட இலக்குக்கு ஒரு ரன் குறைவான எண் அதன் கணக்கில் எழுதப்படும்.

இனி லாகூர் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். அந்தப் பிரிவில் மூன்றே அணிகள். முந்தைய ஆட்டத்தில் வங்கதேசம் 334 ரன் குவிக்க, ஆப்கானிஸ்தான் 245 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகியிருந்தது. ஆகவே கணக்கில் 50 ஓவருக்கு 245. இலங்கையோ வங்கதேசத்தை 164 ரன்னில் சுருட்டி, 39 ஓவரில் 165 எடுத்து ஜெயித்திருந்தது. ஆப்கானிஸ்தான் 292 ரன்னை 37.1 ஓவரில் எட்டினால் அதன் நெட் ரன் ரேட் -0.089, இலங்கைக்கு -0.108. ஆப்கானிஸ்தான் முன்னே. ஒரே ஒரு பந்து தள்ளி 37.2 ஓவரில் எட்டினால் ஆப்கானிஸ்தானுக்கு -0.101, இலங்கைக்கு -0.098. இலங்கை முன்னே. 37.1 என்ற எண் பிறந்த இடம் இது.

ஆனால் 292 என்பது வெற்றிக்கான குறைந்தபட்ச ரன். ஸ்கோர் 289 ஆக இருக்கும்போது வெற்றி ரன் சிக்ஸராக வந்தால் மொத்தம் 295. கூடுதலாக வந்த அந்த மூன்று ரன், ஆப்கானிஸ்தான் எடுத்த கணக்கிலும் ஏறும், இலங்கை விட்டுக்கொடுத்த கணக்கிலும் ஏறும். 37.4 ஓவரில் 295 என்றால் ஆப்கானிஸ்தானுக்கு -0.090, இலங்கைக்கு -0.112. மறுபடியும் ஆப்கானிஸ்தான் முன்னே! இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் ஆப்கானிஸ்தானின் வேகம் ஓவருக்கு ஆறு ரன்னைச் சற்றே தாண்டியிருந்ததால், ஒரு பந்து தாமதத்தை ஒரு கூடுதல் ரன் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். ஃபரூக்கி ஒரு ரன் ஓடி ரஷீதுக்கு ஆட்டம் கொடுத்திருந்தாலே போதும். வாய்ப்பு உயிரோடு இருந்திருக்கும்.

இத்தகைய கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆடினால் என்ன நடக்கும் என்பதற்கு 1987 ரிலையன்ஸ் உலகக் கோப்பை நல்ல சாட்சி. அப்போது நெட் ரன் ரேட் இல்லை. அடித்த ரன்னின் வேகத்தை மட்டும் பார்த்தார்கள். 'ஏ' பிரிவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் முட்டிக்கொண்டு நின்றன. சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியா ஒரே ரன்னில் தோற்றிருந்தது. அன்று டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து முதலில் பவுண்டரி என்று குறிக்கப்பட்டு, இடைவேளையில் சிக்ஸர் எனத் திருத்தப்பட்டது. 268 ஆக இருந்த ஆஸ்திரேலிய ஸ்கோர் 270 ஆனது.

அக்டோபர் 31 அன்று நாக்பூரில் நியூஸிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்கு இலக்கு 222. அதை 42.2 ஓவருக்குள் எட்டினால் பிரிவில் முதலிடம், அரையிறுதி பம்பாயில். இல்லையென்றால் லாகூரில் பாகிஸ்தானோடு மோத வேண்டும். சென்னைக்காரர் ஸ்ரீகாந்த் 58 பந்தில் 75. மறுமுனையில் ஆமைவேகக்காரர் என்று பேர் வாங்கிய சுனில் கவாஸ்கர் 85 பந்தில் சதம்! அவருடைய ஒருநாள் வாழ்க்கையின் ஒரே சதம் அதுதான். 32.1 ஓவரில் ஆட்டம் முடிந்தது. பம்பாய் அரையிறுதியில் இந்தியா இங்கிலாந்திடம் தோற்றதும், லாகூருக்குப் போன ஆஸ்திரேலியா கோப்பையோடு திரும்பியதும் வேறு கதை.

இதே கணக்கை நேர்மாறாகவும் பயன்படுத்தலாம். 1999 உலகக் கோப்பையில் ஓல்டு டிராஃபோர்டில் மேற்கிந்தியத் தீவுகளை 110 ரன்னுக்குச் சுருட்டிய ஆஸ்திரேலியா, 111 ரன் எடுக்க வேண்டுமென்றே 40.4 ஓவர் எடுத்துக்கொண்டது. அந்தத் தொடரில் அடுத்த சுற்றான சூப்பர் சிக்ஸுக்கு உடன் வரும் அணிகளை வென்ற புள்ளிகள் மட்டுமே தொடரும் என்பது விதி. நியூஸிலாந்திடம் தோற்றிருந்த ஆஸ்திரேலியா, அந்த அணிக்குப் பதில் தான் ஜெயித்த மேற்கிந்தியத் தீவுகள் உடன் வருவதையே விரும்பியது. எனவே மேற்கிந்தியத் தீவுகளின் நெட் ரன் ரேட் சரியாமல் பார்த்துக்கொண்டது. அரங்கில் கூச்சல் எழுந்தது. அடுத்த நாளே நியூஸிலாந்து ஸ்காட்லாந்தை வேகமாக வென்று உள்ளே போய்விட்டதால் திட்டம் பலிக்கவில்லை. விதியை மீறாவிட்டாலும், பணம் கொடுத்து ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் செய்த அநியாயம் அது. இப்படிக் கணக்குப் போட்டு ஆடுவதைத் தடுக்க, கால்பந்து உலகக் கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. கிரிக்கெட்டில் அந்தப் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை.

நெட் ரன் ரேட்டில் இன்னொரு பெரிய குறையும் உண்டு: விக்கெட்டுக்கு அங்கே மதிப்பே இல்லை. ஒன்பது விக்கெட் இழந்து 40 ஓவரில் தட்டுத்தடுமாறி இலக்கை எட்டும் அணி, ஒரு விக்கெட்டும் இழக்காமல் 42 ஓவரில் அதே இலக்கை எட்டும் அணியைவிட மேலே நிற்கும். கையிலிருக்கும் விக்கெட்டையும் ஓவரையும் சேர்த்து எடைபோடும் டக்வொர்த் லூயிஸ் முறையோடு ஒப்பிட்டால் இது மொட்டையான அளவுகோல்தான். ஆனாலும் இதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கு தெரிந்த யாரும் தாளில் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. டக்வொர்த் லூயிஸை அப்படிச் சரிபார்க்க முடியாது.

மாற வேண்டியது கணக்கைச் சொல்லும் விதம். மழை வந்தால் எந்த ஓவரில், எத்தனை விக்கெட் விழுந்திருந்தால், எத்தனை ரன் வேண்டும் என்ற டக்வொர்த் லூயிஸ் பட்டியல் இரு அணிகளின் கையிலும் கொடுக்கப்படுகிறது. லீக் சுற்றின் கடைசி ஆட்டங்களில் நெட் ரன் ரேட்டுக்கும் அதே போன்ற பட்டியலை ஆட்ட நடுவர் இரு அணிகளுக்கும் தர வேண்டும், 37.1 ஓவரில் 292, 37.4 ஓவரில் 295 என்று ஸ்கோர்போர்டிலும் பந்துக்குப் பந்து காட்ட வேண்டும். ஐசிசியும் ஆசிய கிரிக்கெட் கவுன்சிலும் இதை அடுத்த தொடரிலேயே செய்யலாம்.