பாம்பன் பாலம் தூக்கும் வரை... கடலிலேயே குடித்தனம் நடத்தும் பாய்மரப் படகு ஜோடிகள்!

ராமேஸ்வரம்: பாம்பன் ரோடு பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் எப்போதாவது இந்தக் காட்சியை பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் விசைப்படகுகளுக்கு அந்தப் பக்கம், வெள்ளை வெளேர்னு ஒரு பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றில் துணி காயும். மேல்தட்டில் ஒரு வெளிநாட்டு தம்பதி உட்கார்ந்து டீ குடித்துக் கொண்டிருப்பார்கள்.

'யாரோ டூரிஸ்ட்' என்று நினைத்தால் அது பாதிதான் சரி. அவர்களுக்கு அந்தப் படகுதான் வீடு. அடுப்பு, கட்டில், தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஊர் ஊராக, நாடு நாடாக கடலிலேயே போவார்கள். பெரும் கடலையே தாண்டி வந்தவர்கள் இந்த சின்ன கால்வாய் முன்னாடி ஏன் காத்துக் கிடக்கிறார்கள்?

மரம் இடிக்கும்

காரணம் பாய்மரம்தான். 40 அடி நீளப் படகு என்றால் அதன் பாய்மரம் சுமார் 55 முதல் 60 அடி உயரம் வரும். ரயில் பாலம் இறங்கி இருக்கும்போது அடியில் இவ்வளவு உயர இடம் கிடையாது. தூக்கினால்தான் வழி.

1914ல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் கையால் சுற்றித்தான் இரண்டு பக்கமும் தூக்குவார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்று போனது. 2025 ஏப்ரல் 6ல் பிரதமர் மோடி திறந்து வைத்த புது பாலத்தில், 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி லிப்ட் மாதிரி 17 மீட்டர் உயரம் நேராக மேலே போகும். மின்சாரத்தில் சில நிமிடத்தில் வேலை முடியும். அப்போது கடல் மட்டத்தில் இருந்து 22 மீட்டர், அதாவது சுமார் 72 அடி வழி கிடைக்கும்.

உடனே தூக்க மாட்டாங்களா?

அது நடக்காது. பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ரயில் இல்லாத நேரம் பார்த்து ரயில்வே தூக்க வேண்டும். பல நேரம் இழுவைக் கப்பல், மிதவை, மீன்பிடி படகு என்று நாலைந்து சேர்ந்த பிறகுதான் வரிசையாக அனுப்புவார்கள். காற்று பலமாக இருந்தால் அதுவும் தள்ளிப் போகும்.

இவ்வளவு கெடுபிடி சும்மா இல்லை. 2013 ஜனவரியில் ஒரு மிதவை நீரோட்டத்தில் இழுபட்டு வந்து பழைய பாலத்தில் மோதியதை பாம்பன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தூக்கம் பாதி

கால்வாயில் நீரோட்டம் வேகம். வாடைக்காற்று காலத்தில் வடகடல் தண்ணீர் தெற்கே பாயும். தென்மேற்கு காற்று காலத்தில் அப்படியே தலைகீழ். ராத்திரி நங்கூரம் இழுபட்டால் படகு நேராக பாலத்துக்குத்தான் போகும். அதனால் காற்று ஏறிய ராத்திரியில் ஒருவர் தூங்கினால் மற்றவர் முழித்து பார்க்கணும். படகில் இருப்பதே ரெண்டு பேர்தான். படகு போச்சுன்னா வீடும் போச்சு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் சொல்லவே வேண்டாம்.

பாலம் தூக்கின பிறகும் நிம்மதி இல்லை. இந்த மாதிரி படகின் அடிப்பகுதி தண்ணீருக்குள் 6 அடிக்கு மேல் இறங்கி இருக்கும். கால்வாயிலோ ஆழம் குறைவு. பாறையும் மணல் திட்டும் அதிகம். இங்கே நம்ம ஊர் ஆள்தான் தெய்வம். தண்ணீர் நிறத்தை பார்த்தே வழி சொல்லும் உள்ளூர் ஆட்கள் துணையோடுதான் வெளியூர் கலங்கள் தாண்டுகின்றன.

'வேற வழியில் போகலாமே' என்றால், தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் தலைமன்னார் வரை மணல் திட்டு. அப்புறம் இலங்கையை முழுசாக சுற்றித்தான் போகணும்.

காத்திருக்கும் நேரத்தில்...

காத்திருப்பவர்கள் வள்ளத்தில் கரைக்கு வந்து கேனில் குடிதண்ணீர், டீசல், காய்கறி வாங்குவார்கள். பார்க்கவும் இங்கே நிறைய இருக்கு. குந்துகாலில், 1897 ஜனவரி 26ல் இலங்கையில் இருந்து கடல் வழியாக வந்து இறங்கிய விவேகானந்தருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். கலாமின் அப்பாவும் படகு கட்டி, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பக்தர்களை ஏற்றிப் போனவர்தான். அந்தப் படகு புயலில் போனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சரி செய்தவர் என்ஜினியர் ஸ்ரீதரன். கடலோடு வாழ்வது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கவனிக்க...

மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசிய பூங்கா. அங்கே அனுமதி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பவளப்பாறை மேல் நங்கூரம் விழுந்தால் பாறை நொறுங்கும். மறுபடி வளர பல வருஷம் ஆகும். அதில்தான் நம்ம மீன் குஞ்சு பொரிக்கிறது. வெளியூர் படகு தெரியாமல் அந்தப் பக்கம் ஒதுங்கினால் நம்ம மீனவர்கள் சைகை காட்டி சொன்னால் நல்லது. யாராவது கடலில் தத்தளிப்பதை பார்த்தால் கடலோர காவல்படைக்கு 1554 எண்ணில் சொல்லலாம்.

அடுத்த முறை பாலம் தூக்கி பாய்மரப் படகு தாண்டும்போது, செல்போனில் படம் எடுப்பதோடு நிற்காமல் ஒரு கை காட்டுங்க. முழு ராத்திரி முழிச்சவங்க, சந்தோஷமா பதிலுக்கு கை காட்டுவாங்க!