கெராண்டு பெட்டியிலே, நிலம் யார் கையிலே?

கிள்ளான், காப்பார், பந்திங் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. ஏக்கர் கணக்கில் பேசிய மண்ணைச் சதுர அடியில் பேசுகிறார்கள். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், "ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடுவோம், பின்னாலே பிள்ளைகளுக்கு ஆகும்" என்று நம்மவர்கள் நினைப்பது நியாயந்தான். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கிய பரம்பரை அல்லவா நாம்!

வாங்கிய பிறகுதான் அசட்டை. "கெராண்டு பெட்டியிலே பத்திரமா இருக்கு, எவன் என்ன செய்ய முடியும்?" என்கிறோம்.

செய்ய முடியும். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு தாய்லாந்து அம்மையாருக்கு நிலம் இருந்தது. 1980-களின் இறுதியில் வேறொருத்தி அவர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்தாள். அசல் கெராண்டு தொலைந்துவிட்டது என்று சத்தியம் செய்து மாற்றுக் கெராண்டு வாங்கி, நிலத்தை அடோர்னா என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டாள். வழக்கு நடந்தது. 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், கம்பெனி நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியது, ஆகவே நிலம் அதற்கே என்றது. திருட்டுக் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை!

இந்தத் தீர்ப்பு ஒன்பது ஆண்டுகள் நின்றது. 2010 ஜனவரியில், குவாந்தான் நிலம் பற்றிய வேறொரு வழக்கில், அது தவறு என்று அதே நீதிமன்றம் தள்ளியது. தேசிய நிலச் சட்டம் 340-ஆம் பிரிவின்படி, மோசடிக்காரனிடம் நேரே வாங்கியவனுக்கு நிலம் நிலைக்காது. ஆனால் அவன் அதை இன்னொருவருக்கு விற்று, அந்த இன்னொருவர் விவரம் அறியாமல் விலை கொடுத்திருந்தால், அவரை அசைக்க முடியாது. அதனால்தான் அவசரம் என்கிறோம்.

வாங்குமுன் நில அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பாருங்கள். புரோக்கர் காட்டும் நகலை நம்பாதீர்கள். நாலு குடும்பம் சேர்ந்து வாங்கும் நிலமானால், "அண்ணன் பேரிலே இருக்கட்டும்" என்று விடாமல் நாலு பெயரும் கெராண்டில் ஏறட்டும். அண்ணன் நல்லவர்தான், அண்ணன் காலத்துக்குப் பிறகு கோர்ட்டுக்கு வருவது மருமக்கள்.

இலாபத்துக்கு விற்பவர்களும் கணக்குப் பார்க்க வேண்டும். மலேசியக் குடிமகன் மூன்றாண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை. இது 2022 முதல் உள்ள நிலை.

நிலத்தில் உங்களுக்கு உரிமை இருந்து, யாரோ விற்கப் பார்ப்பதாகச் சந்தேகம் வந்தால், வக்கீல் மூலம் உடனே கேவியட் போடுங்கள். அது பதிவேட்டில் இருக்கும்வரை பெயர் மாற்ற முடியாது. ஆறு ஆண்டில் அது தானாகக் காலாவதியாகிவிடும்; தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.