உலைத்தீயும் உமிமூசையும்

சுட்ட மண்ணும் பீங்கானும் தீயால் அழியா என்பது பொதுவான எண்ணம். ஆனால் வெம்மை ஒன்றே அவற்றுக்குப் பகையன்று. தீயோடு கூடிவரும் சாம்பலும் கசடும் நீராவியுமே அவற்றை அரிக்கின்றன. மைசூர்ச் சீமையின் பழைய உருக்குத் தொழிலில் இவ்வுண்மையைக் காணலாம்.

கன்னடர் ‘உக்கு’ என்பதும் நாம் ‘உருக்கு’ என்பதும் உறவுச் சொற்கள். 1800ஆம் ஆண்டில் அச்சீமையில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், உருக்குச் செய்யும் முறையை 1807இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரை விறகையும் பச்சிலையையும் களிமண் மூசையில் இட்டு, வாயை மூடி, துருத்தியால் உலையை ஊதினர். விறகின் கரி இரும்பில் ஏறி உருக்காயிற்று.

ஏறத்தாழ 1,400 செண்டிகிரேடு பாகை வெம்மையில் சாதாரண மட்கலம் குழைந்துவிடும். இம்மூசை எவ்வாறு தாங்கிற்று? கருநாடகத்துக் கட்டிஹொசஹள்ளியிலும் தமிழகத்து மேல்சிறுவளூரிலும் கிடைத்த மூசை ஓடுகளின் ஆராய்ச்சி விடை தருகிறது. மண்ணோடு நெல்லுமியை மிகுதியாகப் பிசைந்திருந்தனர். உமி கருகியபின் சிலிக்காவும் கரியும் எஞ்சின. சிலிக்கா சுவரை வலுப்படுத்தியது. சுவருள் நுழைந்த பிராணவாயுவைக் கரி தன்பால் ஏற்றது. வெளியே சாம்பல் உருகிக் கண்ணாடிப் பூச்சாகப் படிந்தது. உள்ளேயோ இரும்புக் கசடு சிலிக்காவைக் கரைத்தது. சுவர் அரிபட்டு ஓட்டையாவதற்கு முன் உருக்கு முற்றியாக வேண்டும். இறுதியில் மூசையை உடைத்தே கட்டியை எடுத்தனர்.

இதே போராட்டம் இன்று விமான எஞ்சினில் நிகழ்கிறது. சிலிக்கன் கார்பைடு இழைகளைக் கொண்ட பீங்கான் கூட்டுப்பொருளால் ஆன உறுப்பு, 2016 முதல் பயணிகள் விமான எஞ்சினிலும் இடம்பெற்றுள்ளது. சூட்டில் அதன்மேல் சிலிக்காத் தோல் ஒன்று தோன்றிக் காக்கிறது. ஆனால் எரிபொருள் எரிகையில் பிறக்கும் நீராவி அத்தோலோடு கூடி, அதனை வாயுவாக்கிக் கொண்டுபோகிறது. புதுத்தோல் தோன்றத் தோன்ற, அடிப்பொருள் மெலிகிறது. இதனைத் தடுக்கவே இட்டர்பியம் சிலிக்கேட் போன்ற மேற்பூச்சை இடுகின்றனர். காற்றில் வரும் மணல்தூசு உருகிப் படிந்தால் அப்பூச்சையும் அரித்துவிடும்.

மூசை சில மணி நேரம் நிலைத்தால் போதும்; எஞ்சின் உறுப்போ பல்லாயிரம் மணி நேரம் உழைக்க வேண்டும். விமானத்தில் ஏறுவோரின் உயிர் அதனை நம்பியிருக்கிறது. ஆகவே, ஒரு பொருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அச்சூட்டோடு வருவது யாது என்றும் கேட்டல் வேண்டும்.