சூத்திரமும் அதன் சுற்றமும்

புனே நகரில் 1917-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகம், பாணினியின் வடமொழி இலக்கணத்துக்குப் பதஞ்சலி இயற்றிய மகாபாஷ்யத்தை வெளியிட்டுள்ளது. அதனைப் பதிப்பித்த கீல்ஹார்ன், அந்நகரின் டெக்கான் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர்.

பாணினியின் சூத்திரங்கள் ஏறத்தாழ 4,000. ஒரு சூத்திரத்தில் வந்த சொல், அடுத்தவற்றிலும் தொடர்ந்து பொருள் தருவதால் அவை மிகச் சுருங்கியவை. இதற்கு அநுவிருத்தி என்று பெயர். ஆறாம் அத்தியாயத்தின் முதற்பாதத்திலுள்ள 78-ஆம் சூத்திரம், ஏ, ஓ, ஐ, ஔ என்பன முறையே அய், அவ், ஆய், ஆவ் எனத் திரியும் என்கிறது. 'உயிர் வருமிடத்து' என்னும் நிபந்தனையோ முந்திய சூத்திரத்தில் உள்ளது. 'நே' என்பதுடன் 'அன' சேர்ந்து 'நயன' ஆவது இவ்விரண்டாலுமே. சூத்திரத்தைத் தனியே பெயர்த்தெடுத்தால் நிபந்தனை பின்தங்கிவிடும்.

இதனையொத்த இடர்ப்பாடு கணிப்பொறி மொழிகளிலும் உண்டு. லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழியில், எழுத்துத் தொடராக உள்ள நிரலை அவ்விடத்திலேயே இயக்குவதற்கு 'ஈவால்' என்னும் கட்டளை இருக்கிறது. மதிப்பைத் தாங்கும் பெயரான மாறி, 'மை' என்று அறிவிக்கப்பட்டால், தன் கட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

ஒரு வெளிச்செயற்கூறு, வீதம் 5 என மாறியில் குறித்துக்கொண்டு, பெயரில்லாத உட்செயற்கூறு ஒன்றை ஆக்கித் தந்துவிட்டு முடிவடைகிறது எனக் கொள்வோம். உட்கூறு, தனக்குத் தரப்படும் தொகையை வீதத்தால் பெருக்கவேண்டும். ஆனால் 'வீதம்' என்னும் பெயர் ஈவாலுக்குரிய எழுத்துத் தொடரில் மட்டுமே உள்ளது. உட்கூற்றில் வெளிப்படையாக உள்ள பெயர்களையே பெர்ல் காத்துவைக்கும். தொடருக்குள் இருப்பது அதற்கு வெறும் எழுத்தே. பின்னர் 200 என்னும் தொகையுடன் உட்கூற்றை அழைத்தால், வீதம் வெறுமையாகக் கிடைக்கிறது. கணக்கில் வெறுமை பூச்சியமாகக் கொள்ளப்படும். விடை 1,000 என்பதற்குப் பதிலாக 0 வருகிறது.

இதில் அபாயம் யாதெனில், நிரல் நின்றுவிடுவதில்லை. எச்சரிக்கை வசதியை இயக்கியிருந்தாலன்றி அறிவிப்பும் தோன்றாது. பிழையான தொகை கணக்கேட்டில் ஏறிவிடும்.

பரிகாரம் எளிது. உட்கூற்றில் அம்மாறியின் பெயரை வெளிப்படையாக ஒருமுறை எழுதினால் அது காக்கப்படும். மதிப்பை நேரே உட்கூற்றுக்கு அளிப்பது அதனினும் நன்று. எச்சரிக்கை வசதியை எப்பொழுதும் இயக்கிவைத்தல் இன்றியமையாதது. சூத்திரத்தைப் பெயர்த்தெடுப்பவர், அது எதனைச் சார்ந்திருந்தது என்பதையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும்.